காட் மீன் தூண்டிலில் கட்லா மாட்டுமா?

ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36, ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. சின்ன வயதில் மூங்கில் கழியும் மண்புழுவுமாக ஏரிக்கரையில் கெண்டை பிடித்தவர். பத்து வயது மகனையும் பழக்க வேண்டும் என்று ஆசை. வெளிநாட்டுக் கடற்கரையில் நின்றபடி காட் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதே சாமான்களை ஆன்லைனில் வரவழைத்திருக்கிறார்: 12 அடி ராடு, பெரிய ரீல், நாலு பக்கமும் கம்பி நீட்டிய 150 கிராம் ஈயம், இரண்டு முள் கட்டித் தயாராக வந்த ரிக் (நரம்பு, ஈயம், முள் சேர்ந்த கோப்பு). கூடுதல் முள்ளை மட்டும் கடையில் "4-ம் நம்பர்" என்று கேட்டு வாங்கினாராம். பாக்கெட்டில் 4/0 என்று போட்டிருக்கிறது.

வாலாஜா பக்கத்து ஏரி ஒன்றில் நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்திருக்கிறார். வீடியோவில் மாட்டினார்களே என்று மார்க்கெட்டில் கணவாய் வாங்கிப் போட்டார், எதுவும் தொடவில்லை. மைதா உருண்டை வீசும்போதே பிய்த்துக்கொண்டு போகிறது. ஒரே ஒரு தடவை ராடு வளைந்தது. இழுப்பதற்குள் அடியில் கட்டையில் சிக்கித் தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. ஐந்தாவது வாரம் ஏரியைக் குத்தகை எடுத்தவரின் ஆள் வந்து, "இருநூறு குடு, இல்லன்னா ராடை வாங்கி வச்சுக்குவேன்" என்றிருக்கிறார். எந்த ரிக், எந்த இரை, குத்தகைக்காரர் தடுக்க முடியுமா, ராத்திரியில் தவளை போட்டு விரால் பிடிக்க மகனைக் கூட்டிப் போகலாமா என்பவைதான் அவர் கேட்டிருப்பவை.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் வாங்கிய சாமான் மட்டம் இல்லை. இடம்தான் மாறிவிட்டது. காட் என்பது வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடல் மீன். வாய் பெரியது, அடித்தரையை மோப்பம் பிடித்துக்கொண்டே போய் நண்டு, புழு, சின்ன மீன் என்று கிடைத்ததை ஒரே வாயாக விழுங்கும். அங்கே நீரோட்டம் ஈயத்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் மணலைக் கவ்விப் பிடிக்கக் கம்பிக்கால் ஈயம். கடற்புழுவும் கணவாயும் சேர்த்து மெல்லிய எலாஸ்டிக் நூலால் சுற்றிய இரை விரல் நீளத்துக்கு மேல் இருக்கும், அதைத் தாங்கத்தான் 4/0 முள். அந்தப் பாரத்தைச் சுழற்றி வீசும்போது நரம்பு அறுந்து ஆள்மேல் பாயாமல் இருக்க, முன்பகுதியில் தடித்த நரம்பு கட்டுகிறார்கள். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு பலம் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் 150 கிராமுக்கு 50 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலான நரம்பு வேண்டும்.

இதில் ஒன்றுகூட நம் ஏரிக்குப் பொருந்தாது. ஏரித் தண்ணீர் நிற்கிற தண்ணீர், ஈயத்தை இழுத்துப் போக ஓட்டமே கிடையாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் தாடையில் பல் இல்லை, பல் தொண்டைக்குள் இருக்கிறது. இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். உறிஞ்சும் அந்த ஒரு நொடியில் வாய்க்குள் கனமாக ஏதாவது தட்டினால் முடிந்தது கதை. நான்கு வாரமும் மீன் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்து, தொட்டு, துப்பிவிட்டுப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

கணவாயை நம் கெளுத்தி வேண்டுமானால் தொடும். ரோகு ஏறெடுத்தும் பார்க்காது.

முள் நம்பரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். 1, 2, 4, 6, 8, 10 என்று வெறும் எண் ஏறினால் முள் சிறுத்துக்கொண்டே போகும். 1/0, 2/0, 4/0 என்று பக்கத்தில் சுழி வந்தால் ஏற ஏறப் பெரிதாகும். நீங்கள் கேட்டது 4, கையில் வந்தது 4/0. இரண்டையும் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள், 4/0-வின் வளைவுக்குள் 4-ம் நம்பர் முள் அடங்கிவிடும். மாவு போட்டு ரோகு, மிர்கால் பிடிக்க 6 அல்லது 8 போதும். மண்புழுவுக்கு 8, பெரிய கட்லாவை எதிர்பார்த்தால் 4.

தூரமும் ஆழமும்

வீடியோ பார்த்துப் பழகியதில் உங்களுக்கு வந்திருக்கும் இன்னொரு எண்ணம், தூரமாகப் போட்டால்தான் பெரிய மீன் என்பது. கடலில் கரையோரம் ஆழம் குறைவு, அதனால் தூரம் தேவை. ஏரி நேர் எதிர். காவேரிப்பாக்கம் போல ஆற்றுக்கால்வாயில் தண்ணீர் வாங்கும் பெரிய ஏரியானாலும் சரி, ஊர்ச் சிற்றேரியானாலும் சரி, தாழ்ந்த பக்கம் பார்த்துத்தான் கரை கட்டியிருப்பார்கள். ஆழம் கரையை ஒட்டி, அதிலும் மதகுப் பக்கம்தான் இருக்கும். கரைமேல் நின்று 80 மீட்டர் வீசினால் ஆழத்தைத் தாண்டி மேட்டுக்குப் போட்டதாகிவிடும். அலைகல் பதித்த சரிவு முடிந்து தரை சமமாகும் இடம், பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டருக்குள் வரும். மீன் அந்த விளிம்பை ஒட்டித்தான் மேய்ந்துகொண்டு போகும்.

இடம் பார்க்க ஒரு வழி: வெறும் ஈயத்தை மட்டும் கட்டி வீசி மெதுவாக இழுங்கள். டக் டக்கென்று தட்டினால் கல். இழுக்க இழுக்கக் கனத்து, பிறகு விடுபட்டால் சேறு. சுருக்கென்று நின்றால் சீமைக்கருவேல மோடு. ஏரி வற்றியிருந்தபோது உள்ளே முளைத்து, மழைக்கு முழுகிய மரங்கள் அவை, உங்கள் நரம்பை அறுத்ததும் அதுவாகத்தான் இருக்கும். ஈயம் வெளியே வரும்போது ஒட்டியிருக்கும் சேற்றை மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடையோடு கறுத்த சேறு என்றால் அங்கே மீன் மேயாது. நாலு அடி தள்ளிப் போடுங்கள்.

ஏரிக்கு ஏற்ற ரிக்

நான் சொல்வது ஒரே ஒரு ரிக். இதைக் கட்டப் பழகினால் போதும். ரீலில் 0.28 முதல் 0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பு சுற்றிக்கொள்ளுங்கள். அதில் முதலில் நடுவில் ஓட்டை உள்ள 10 அல்லது 15 கிராம் ஈயத்தைக் கோர்த்து, அடுத்து ஒரு சின்ன ரப்பர் மணி, கடைசியில் நரம்பு முறுக்கேறாமல் சுழலும் சுழலி. சுழலியின் மறுபக்கம் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு 0.22 நரம்பு, அதன் நுனியில் 6-ம் நம்பர் முள். மீன் இரையை எடுத்து நகரும்போது நரம்பு ஈயத்தின் ஓட்டை வழியாக ஓடும், அதற்குப் பாரம் தெரியாது. மணி இல்லாவிட்டால் ஈயம் முடிச்சிலேயே இடித்து இடித்து அதை நைத்துவிடும். முள் பக்கத்து நரம்பு மெல்லிசாக இருப்பதும் வேண்டுமென்றேதான். கட்டையில் மாட்டினால் அந்த 30 சென்டிமீட்டரோடு முள் மட்டும் போகும், மீதி வீடு வந்து சேரும்.

முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நைலானை அப்படியே இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் இழந்துவிடும். அறுந்த நுனி சுருண்டு சுருண்டு இருந்தால் முடிச்சுதான் காலை வாரியது, சொரசொரவென்று பிய்ந்திருந்தால் கல் அல்லது கட்டை. ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் பிடியை (டிராக்), நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுப்புக்கு ஓடும்படி வையுங்கள். 10 பவுண்டு நரம்பென்றால் சுமார் ஒன்றரை கிலோ. நீங்கள் முழுக்க இறுக்கி வைத்திருந்தீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

12 அடி ராடு இந்த 15 கிராமை உணரவே உணராது, வளைந்து கொடுக்காமல் கழியாக நிற்கும். 7 முதல் 9 அடியில், 10-40 கிராம் என்று அடித்தண்டில் எழுதியிருக்கும் ராடு ஒன்று வாங்கத்தான் வேண்டியிருக்கும். ரீல் கொஞ்சம் பெரிதானாலும் பரவாயில்லை, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ராடை விற்க அவசரப்பட வேண்டாம். கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடற்கரைக்குப் போகும் நாளில் அது தன் வேலையைச் செய்யும்.

கடைகளில் ஸ்பிரிங் ஒன்றைச் சுற்றி நாலைந்து முள் தொங்கும் ரிக்கும் கிடைக்கும். ஸ்பிரிங்கில் மாவை அப்பிப் போட்டால், கட்லா மாவை உறிஞ்சும்போது ஏதாவது ஒரு முள்ளும் சேர்ந்து உள்ளே போகும். மீன் மாட்டும், மறுக்கவில்லை. ஆனால் வாயில் மாட்டாமல் வயிற்றிலும் செவுளிலும் குத்தி இழுத்து வருவதும் அதில்தான் அதிகம். பக்கத்தில் பத்து வயதுப் பையன் நிற்கும்போது ஐந்து முள் காற்றில் பறப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மாவு ஏன் பிய்ந்து போகிறது

பாதிக் காரணம் 150 கிராம் ஈயம். அந்த வீச்சுக்கு எந்த மாவும் நிற்காது. மீதிக் காரணம், வெறும் மைதா. மைதா பசைதானே தவிர வாசனை கிடையாது. தண்ணீர் கூடினால் கொழகொழவென்று வழியும், குறைந்தால் ரப்பர் பந்தாகிக் கரையாமலே கிடக்கும்.

கடலைப் புண்ணாக்குத் தூள் 200 கிராம், அரிசித் தவிடு 200 கிராம், மைதா 75 கிராம். புண்ணாக்கை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், கருகினால் கசக்கும். மூன்றையும் காய்ந்தபடியே கலந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள், ஊற்றக் கூடாது. புட்டு மாவைவிடக் கொஞ்சம் ஈரம், சப்பாத்தி மாவைவிடக் குறைவு, அதுதான் பதம். ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் மூடி வைத்தால் தவிடு ஊறிப் பிடிப்பு வரும். ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டிக் காலடித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஓரம் உதிர ஆரம்பித்து, பதினைந்தாவது நிமிடத்தில் கரைந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே சிதறினால் ஒரு கரண்டி மைதா, உதிரவே இல்லை என்றால் ஒரு பிடி தவிடு.

இது முள்ளில் மாட்டாமல், மீனை வரவழைக்கத் தண்ணீரில் போடும் கூட்டு இரை. முள்ளில் போட வேறு மாவு: கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வெந்நீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்து உள்ளே இழைத்துவிடுங்கள். பஞ்சு நார் மாவைப் பிடித்துக்கொள்ளும், வீசினாலும் கழன்று போகாது. சுண்டைக்காய் அளவு போதும். முள்ளின் கூர் துளி வெளியே தெரியட்டும், முழுக்க மூடினால் மீன் துப்பும்போது முள்ளும் சேர்ந்து வந்துவிடும்.

போனவுடன் கூட்டு இரையில் கைப்பிடி அளவில் மூன்று உருண்டை ஒரே இடத்தில் போடுங்கள். பிறகு அரை மணிக்கு ஒன்று. ஆர்வத்தில் மொத்தத்தையும் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும், புண்ணாக்கு புளித்துத் தண்ணீரும் நாறும். ஜிலேபி (திலாப்பியா) மீன் குஞ்சுகள் வந்து மாவை அரித்துத் தள்ளினால், வேகவைத்த மக்காச்சோளம் இரண்டு மணியைக் கோருங்கள். அதன் சின்ன வாய்க்கு அது பெரிது.

நேரம் பற்றி ஒரு திருத்தம். விடிகாலைதான் எப்போதும் நல்ல நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்துக்கு அது சரி. சித்திரை, வைகாசியில் தண்ணீர் பச்சைப்பசேல் என்று இருக்கும்போது, ராத்திரி முழுவதும் பாசி ஆக்சிஜனை இழுத்துவிடுவதால் விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து "ஏகப்பட்ட மீன்" என்று மகிழ்ந்துபோவோம். மூச்சுக்குத் திணறும் மீன் இரை தொடாது. வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் போடுங்கள்.

விராலும் தவளையும்

விரால் கண்ணால் பார்த்துப் பாய்கிற மீன். அல்லி இலை, ஆகாயத்தாமரை ஓரத்தில் பதுங்கிக் கிடக்கும். அதற்கு ராத்திரி தேவையில்லை. காலை ஆறரை முதல் எட்டரை, மாலை வெயில் தாழ்ந்த பிறகு என்று இரண்டு வேளை போதும். உயிர்த்தவளையும் வேண்டாம். முதுகோடு ஒட்டிய இரட்டை முள் உள்ள ரப்பர் தவளை இலைமேல் சிக்காமல் தாவி வரும். இதற்கு மட்டும் 30 பவுண்டு பின்னல் நூல் போடுங்கள், நைலான் இலைத்தண்டில் சிக்கினால் நீண்டு கொடுக்குமே தவிர மீனைப் பிடுங்காது. "பளார்" என்று அடித்ததும் சுண்டிவிடாதீர்கள். மூன்று எண்ணி, நூல் இறுகிய பிறகு இழுங்கள். அடித்த வேகத்தில் சுண்டினால் தவளை மட்டும் பறந்து முகத்துக்கு வரும்.

தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால் அடியில் தாய் தகப்பன் விரால் காவல் இருக்கிறது. தவளையை அங்கே போட்டால் கட்டாயம் அடிக்கும், பசியால் இல்லை, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் ஜிலேபிக்கு இரை. விட்டுவிடுங்கள்.

குத்தகைக்காரரும் உங்கள் இருநூறு ரூபாயும்

"ஏரி அரசாங்கத்துடையது, மீனும் பொது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. பாசனத் தண்ணீரும் கரையும் ஒரு கணக்கு, மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, வேறு கணக்கு. ஏரியைப் பொறுத்து ஊராட்சியோ அரசுத் துறையோ அந்த உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏலம் விடும். எடுத்தவர் குத்தகைப் பணமும் கட்டி, கட்லா, ரோகுக் குஞ்சும் வாங்கி விட்டிருப்பார். கரையில் நடக்க உங்களை அவர் தடுக்க முடியாது, மீன் பிடிப்பதைத் தடுக்கலாம். புகார் கொடுத்தால் காவல் நிலையம் வரை போகிற விஷயம் இது, ஒரு கிலோ மீனுக்காக அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அதே சமயம் ராடைப் பிடுங்கவோ கைவைக்கவோ அவருக்கும் உரிமை கிடையாது. அடுத்த முறை மல்லுக்கு நிற்காமல், "குத்தகை யார் பேர்ல இருக்குண்ணே? எதுவரைக்கும்?" என்று கேளுங்கள். நேராகக் குத்தகைதாரரையே பார்த்து, ஒரு தூண்டில், ஞாயிறு மட்டும், இத்தனை ரூபாய் என்று பேசி ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அவருடைய ஆளிடம் சீட்டில்லாமல் கொடுக்கும் இருநூறு, வாராவாரம் ஏறும். குத்தகையே இல்லாமல் வசூல் நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் ஊராட்சியிலோ மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ விசாரியுங்கள். வாய்வார்த்தையில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நண்பர் ஒருவர் தோட்டா போட்டால் ஒரே நாளில் கூடை நிறையும் என்றாராம். வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். அந்த நண்பரை ஏரிக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

வேலூர் கோட்டை அகழி தொல்லியல் துறையிடம் இருப்பது, அங்கே தூண்டில் எடுக்க வேண்டாம். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணைக்குப் போகிறவர்கள் பொழுது சாயும் முன் இறங்கிவிட வேண்டும், யானை நடமாட்டம் உள்ள காட்டோரம் அது. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த கதை 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பானது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீர்க் கால்வாய் சேரும் மடுவில் பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். குரோமியம் போன்ற உலோகம் கொதிக்க வைத்தால் போகாது.

பையனோடு போகும்போது

ராத்திரி வேண்டாம் என்பதற்கு மீனைவிடப் பெரிய காரணம், கரைப் புல்லில் கிடக்கும் விரியன். பகலிலும் ஏரிக்குள் இறங்க விடாதீர்கள். சவுடு, வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது, முழங்கால் ஆழத்தில் நடந்தவன் அடுத்த அடியில் தலைமுழுகிப் போவான். மதகுத் திறப்பு அருகிலும், ஏரி நிரம்பிக் கோடி போகும்போது தண்ணீர் வழியும் கலங்கலிலும் நிற்கக் கூடாது. கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கரையை ஒட்டி மின்கம்பி போனால் அந்த இடத்தில் வீச்சே வேண்டாம், இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கெளுத்தி மாட்டினால் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களைத் தொடாமல் ஈரத்துணியால் பிடியுங்கள். குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தால் கடுப்பு அடங்கும். தூண்டில் முள் விரலில் ஏறிவிட்டால் வந்த வழியே பிடுங்காதீர்கள், நரம்பை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டுக்குமே டிடி ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். பையனின் முள்ளில் கூருக்குக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் குட்டிக் கூரை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கிவிட்டால், ஏறினாலும் சுலபமாக வந்துவிடும்.

அவனுக்கு இப்போதைக்கு ராடும் ரீலும் வேண்டாம். எட்டடி மூங்கில் கழி, அதே நீளத்துக்கு 0.20 நரம்பு, சுண்டுவிரல் நீளத்துக்கு மயிலிறகுத் தண்டு ஒன்று தக்கைக்கு, அதற்கு ஒரு சாண் கீழே மிளகளவு ஈயம், 10-ம் நம்பர் முள். மண்புழுவைத் தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண்ணோடு நிழலில் வையுங்கள், மூடிய டப்பாவில் வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். புழுவை இரண்டு மூன்று இடத்தில் கோத்து, வால் ஒரு சென்டிமீட்டர் நெளியும்படி விடுங்கள். தக்கை படபடவென்று நடுங்கினால் ஜிலேபிக் குஞ்சு, பொறுக்கச் சொல்லுங்கள். சாய்ந்து படுத்தாலோ, வழுக்கிக்கொண்டு உள்ளே போனாலோ அப்போது தூக்கச் சொல்லுங்கள்.